ஈயத்துக்கு யார் பொறுப்பு?

காரின் மற்ற பாகங்கள் சொல்லிவிட்டுக் கெடுகின்றன. பிரேக் கீச்சிடும், கிளட்ச் வழுக்கும், டயரின் வரிகள் அழிந்துகொண்டு வருவது கண்ணுக்கே தெரியும். பேட்டரி மட்டும் இரவு வீடு சேர்த்துவிட்டுக் காலையில் கைவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். முன்விளக்கு மஞ்சளாக மங்குகிறது. ‘செல்ஃப் எடுக்கலை’ என்று போனட்டைத் திறந்து பார்க்கிறோம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. டெர்மினலில் கொஞ்சம் வெள்ளையாகப் பூத்திருக்கலாம். மற்றபடி கறுப்புப் பெட்டி போன மாதம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது.

உள்ளே அது பல மாதங்களாகத் தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. எஞ்சினைச் சுழற்றிவிடுவதற்கு வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறன் இருந்தவரை அந்தத் தேய்மானம் வெளியே தெரியவில்லை. அந்த அளவுக்குக் கீழே இறங்கிய காலையில் தெரிந்தது. நெடுநாள் நடந்த ஒன்றுக்கு ஒரே ஒரு தேதி கிடைத்துவிடுகிறது. அந்தத் தேதி வாரண்டிக்குள் விழுகிறதா, வெளியே விழுகிறதா என்பதைச் சுற்றித்தான் பிறகு எல்லாப் பேச்சும் நடக்கிறது. அந்தப் பேச்சில் எது விடுபட்டுப்போகிறது என்பது சில வருடங்களாக என்னை விடாமல் தொந்தரவு செய்துவரும் கேள்வி.

முதலில் அந்தப் பெட்டிக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சேர்த்துச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் மூழ்கவைத்தார். மின்சாரத்தைச் செலுத்தி, சேமித்து, திரும்ப எடுத்து, மறுபடி செலுத்த முடிந்த முதல் மின்கலம் அது. 1881இல் கமீல் ஃபோர் ஈய ஆக்சைடு பசையைத் தகட்டில் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். இன்று நம் கார்களில் இருப்பதும் அடிப்படையில் அதே வேதியியல்தான். ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவே அமிலம். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆறு செல்கள் சேர்ந்தால் 12.6.

இந்த 2.1 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி 2011இல் ‘பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ராஜீவ் அஹூஜா, பெக்கா பூக்கோ உள்ளிட்டோர் எழுதியது. ஈய அணுவின் கரு கனமானது. அதற்கு மிக அருகில் வரும் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கு வேகத்தை எட்டுகின்றன. அந்த வேகத்தில் நியூட்டனின் கணக்கு போதாது, ஐன்ஸ்டீனின் சார்பியல் தேவைப்படுகிறது. அந்த விளைவைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணித்துப் பார்த்தபோது, ஒரு செல்லின் மின்னழுத்தத்தில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியலின் கொடை என்று தெரிந்தது. ஈயத்தின் குடும்பத்தில் அதைவிட இலகுவான உறவு வெள்ளீயம். வெள்ளீயத்தில் இப்படியொரு பேட்டரி கிடையாது. காலையில் பால் வாங்கக் கிளம்பும் காருக்குள், அணுவின் அடியாழத்து இயற்பியல் வேலை செய்கிறது. இதைப் படித்த பிறகு பேட்டரியை வெறும் பெட்டியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

காருக்குள் அது நிரந்தரமாகக் குடியேறிய கதையும் ஒரு தீங்கைத் தவிர்க்கும் எண்ணத்தில் பிறந்தது. அதற்கு முன் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். கம்பி திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும், தாடை உடையும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. அன்றிலிருந்து முரட்டுக் கைவலு இல்லாதவர்களும் தனியாகக் காரைக் கிளப்ப முடிந்தது. ஸ்டார்ட்டர் சுழலும் அந்த ஓரிரு நொடிகளில் நூறு ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் பாய்கிறது. அதற்காகத்தான் வண்டிக்குள் இத்தனை கிலோ ஈயத்தைச் சுமந்து திரிகிறோம்.

அது ஏன் தேய்கிறது? மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது எல்லாம் பழையபடி திரும்புகிறது. முழுதாகத் திரும்புவதில்லை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறது. சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அந்த சல்பேட் கெட்டித்துப் பெரிய படிகமாகிறது, பிறகு கரைந்து வர மறுக்கிறது. சூடு தகட்டின் சட்டகத்தை அரிக்கிறது, தண்ணீரை ஆவியாக்குகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. குளிர்நாடுகளில் பேட்டரிகள் பனிக்காலத்தில் கைவிடுவதாகச் சொல்வார்கள். காயத்தைப் போன கோடை ஏற்படுத்தியிருக்கும், குளிர் அதை வெளியே கொண்டுவந்திருக்கும். நம் ஊரிலோ கத்திரி வெயிலில் போனட்டுக்கு அடியில் அது வருடா வருடம் வேகிறது.

இவை எதுவும் மர்மங்கள் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இந்தத் துறையில் ஆராய்ந்துவருகிறது. ஒரு பேட்டரி எந்தெந்த வழிகளில் சாகும் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பேட்டரி யாரால் செத்தது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரு ஆளின் பெயராக இருப்பதில்லை. தகட்டின் தரம், ஆல்டர்னேட்டரின் ஒழுங்கு, ஊரின் வெயில், ஓட்டியவரின் பழக்கம், கடை அலமாரியில் அது காத்திருந்த காலம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

வாரண்டி இந்தக் கேள்விக்குத்தான் ஒற்றைப் பதில் கேட்கிறது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தெருவெங்கும் கார்கள் நின்ற இடத்தில் நின்றன. நிற்கிற காரும் சும்மா நிற்பதில்லை. கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு எல்லாம் துளித்துளியாக மின்சாரம் குடிக்கின்றன. அந்த ஏப்ரல், மே வெயிலில் பேட்டரி தானாகவும் இறங்கியது. மதுரையில் என் பெரியப்பாவின் கார் அப்படி நின்ற ஒன்று. ஊரடங்கு தளர்ந்த பிறகு வண்டி எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினார்கள். அணைத்ததும் மறுபடி எடுக்கவில்லை. இலவசமாக மாற்றித்தரும் காலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. நம்பிக்கையோடு வாங்கிய கடைக்கே எடுத்துப் போனோம்.

கடைக்காரர் முதலில் செய்தது ஒன்றை என்னால் மறக்க முடியாது. “சார்ஜ் போட்டு வெச்சுத்தான் சொல்ல முடியும் ஐயா, நாளாகும்” என்றவர், பெரியப்பா வயதைப் பார்த்து, கடையிலிருந்த ஸ்டாண்ட்பை பேட்டரி ஒன்றை வண்டியில் மாட்டிக் கொடுத்தார். முன்பணம் கேட்கவில்லை, சீட்டில் கையெழுத்தும் வாங்கவில்லை. “ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி போக வண்டி வேணுமில்ல” என்றார், அவ்வளவுதான்.

பிறகு சோதனை. சார்ஜ் ஏற்றி ஆறவைத்து, ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தை உறிஞ்சி கிராவிட்டி பார்த்தார்கள். நல்ல செல்லில் 1.26க்கு மேல் நிற்க வேண்டும். எல்லாச் செல்களுமே கீழே கிடந்தன. லோடு டெஸ்டரை வைத்ததும் முள் சரிந்தது. ஒரே ஒரு செல் மட்டும் விழுந்திருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, செய்த இடத்துக் குறை என்பார்கள். எல்லாம் ஒன்றுபோல இறங்கியிருந்தால் சார்ஜ் இல்லாமல் கிடந்தது என்பார்கள். நிறுவனத்தின் பதிலும் அப்படியே வந்தது. தயாரிப்பில் குறை இல்லை, ஓட்டாமல் வைத்ததால் வந்த சேதம், கிளெய்ம் இல்லை.

பெரியப்பா கோபப்படவில்லை. “ஓட்டாதேன்னு அரசாங்கம் சொன்னுச்சு தம்பி. ஓட்டியிருந்தா போலீஸ்காரன் வண்டியைப் பிடுங்கியிருப்பான். ஓட்டாததுக்கு நீங்க பிடிக்கிறீங்க. நான் எங்க போவேன்?” என்று மட்டும் கேட்டார். கடைக்காரரிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை. நிறுவனம் சொன்னது பொய்யில்லை. சல்பேட் கெட்டித்திருந்தது உண்மை. பெரியப்பா சொன்னதும் பொய்யில்லை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே செத்த பேட்டரி கிடந்தது.

அந்தக் கடைக்காரர் விடவில்லை. நிறுவனத்தின் ஏரியா ஆளிடம் திரும்பத் திரும்பப் பேசி, இது எல்லாருக்கும் வந்த கேடு, ஒருவர் தலையில் கட்டலாமா என்று வாதாடி, மாற்றுப் பேட்டரி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதற்காக அவருக்குப் பத்துப் பைசா லாபமில்லை. வாரண்டி அட்டையில் அச்சாகியிருந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. கவுண்ட்டருக்குப் பின்னால் நின்ற மனிதர் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு நிறைவேறியது. யார் தவறு என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. வண்டி ஓட வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார்.

அந்த அட்டையைப் பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்தேன். பொதுவாக நம் ஊரில் பேட்டரிக்கு வாரண்டி இரண்டு துண்டாக வருகிறது. முதல் பாதியில் கெட்டால் இலவச மாற்று. இரண்டாம் பாதியில் கெட்டால் புதியதன் விலையில் ஒரு கழிவு. மாதம் ஏற ஏறக் கழிவு குறையும். கழிவைப் பெரும்பாலும் அச்சிட்ட விலையில்தான் கணக்கிடுகிறார்கள். கடையில் யாரும் அச்சிட்ட விலைக்கு விற்பதில்லை என்பதால், கையில் மிஞ்சுவது நினைத்ததைவிடக் குறைவு. பழைய பேட்டரியையும் அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். இலவசமாக வந்த மாற்றுப் பேட்டரிக்குப் புது வாரண்டி கிடையாது. பழையதில் மிச்சமிருந்த மாதங்கள்தான் அதற்கும். அதாவது விற்கப்படுவது மாதங்கள். பெட்டி மாறலாம், மாதக் கணக்கு முதல் பில்லின் தேதியிலிருந்தே ஓடுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வாங்குகிற அன்று இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

தேதியை நிரூபிப்பதும் வாங்கியவர் வேலை. அட்டையில் கடை முத்திரை இல்லையென்றால், பில் தொலைந்துவிட்டதென்றால், பேட்டரியின் மேல் பொறித்த எண்ணிலிருந்து தயாரித்த மாதத்தை எடுத்துக்கொள்வார்கள். அலமாரியில் கிடந்த மாதங்கள் நம் கணக்கில் கழியும். இப்போது பெரும்பாலான பில்கள் வெப்பத்தாளில் அச்சாகின்றன. காரின் டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தால் ஒரு கோடையில் எழுத்து வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே பில்லையும் அட்டையையும் எண்ணையும் போட்டோ எடுத்து வைப்பது, காரில் சார்ஜிங் 13.8க்கும் 14.4 வோல்ட்டுக்கும் இடையில் நிற்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது, நிறுத்தி வைக்கும் வண்டியை இடையிடையே நல்ல தூரம் ஓட்டுவது அல்லது நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி வைப்பது எல்லாம் சின்ன வேலைகள். இவற்றைச் செய்கிறவருக்கு பேட்டரியும் நீடிக்கிறது, வழக்கும் நிற்கிறது.

அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கும். வாடகை வண்டி என்றால் வாரண்டிக் காலம் குறைவு. வெள்ளை போர்டுக்கு ஒரு கணக்கு, மஞ்சள் போர்டுக்கு ஒரு கணக்கு. வேதியியல்படி அதற்கு நியாயம் உண்டு. நாளெல்லாம் ஓடும் வண்டி, அடிக்கடி அணைத்துக் கிளப்புவது, சவாரிக்குக் காத்திருக்கையில் எஞ்சின் அணைந்தபடி பாட்டு ஓடுவது. ஆனால் வாழ்க்கைப்படி இது தலைகீழ். பேட்டரி செத்தால் பெரியப்பாவுக்குப் போனது ஒரு காலை. கால்டாக்சி ஓட்டுகிறவருக்குப் போவது அன்றைய அரிசி. யாருக்கு வாக்குறுதி அதிகம் தேவையோ அவருக்கு அது குட்டையாகக் கிடைக்கிறது.

சட்டம் இந்த இடத்தில் அட்டையைவிடப் பெரிய மனதோடு இருக்கிறது. வணிகத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சொல்லும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்குகிறவரை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றுகிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் இதை விளக்கியது. அங்கே வாதம் ஓர் இயந்திரத்தைப் பற்றியது. அதை விளக்கும்போது, ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்று நீதிமன்றம் சொல்லிச் சென்றது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. சவாரியை விட்டுவிட்டு நுகர்வோர் ஆணையத்தின் வாசலில் நிற்க ஒரு ஓட்டுநரால் முடியுமா என்பது வேறு கேள்வி. உரிமை இருக்கிறது என்பது தெரிந்திருந்தாலே கவுண்ட்டரில் குரல் மாறும்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு என்ன வர வேண்டும் என்பதைப் பற்றியது. என்னிடமிருந்து போனது எங்கே போயிற்று என்பதை நான் வெகுகாலம் யோசிக்கவில்லை. மாற்றிக் கொடுத்த அன்று பழைய பேட்டரியைக் கடையின் ஓரத்தில் மற்றவற்றோடு அடுக்கினார்கள். சிறிய காரின் பேட்டரியே ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஈயம். மின்சாரம் சேமிக்கும் திறன்தான் செத்தது. ஈயம் சாவதில்லை. உருக்கினால் மறுபடி அதே ஈயம், மறுபடி தகடு, மறுபடி பேட்டரி. இவ்வளவு முழுமையாகத் திரும்பி வரக்கூடிய பொருட்கள் நம் வீட்டில் அதிகம் இல்லை. ஒழுங்கான ஆலையில் உருக்கினால் இது மனிதர் செய்த நல்ல சுழற்சிகளில் ஒன்று.

ஒழுங்கற்ற இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய்-சுர்-மெர் சாட்சி. அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்தார்கள். ஈயம் கலந்து கிடந்த மண்ணைப் பெண்கள் சலித்து விற்றார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். ஈயத்துக்கு இவ்வளவுவரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே ரத்தத்தில் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யூனிசெஃபும் ‘ப்யூர் எர்த்’ அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளின், ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. முறையற்ற பேட்டரி உடைப்பு அதன் முதன்மையான காரணங்களில் ஒன்று. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தின்கிறது. அந்தச் சேதத்தை எந்தக் கடையிலும் மாற்றித்தர மாட்டார்கள்.

பெட்ரோலில் ஈயம் கலக்கும் பழக்கமும், மின் ஸ்டார்ட்டரை உருவாக்கிய அதே கெட்டரிங்கின் மேற்பார்வையில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில்தான், 1921இல், தாமஸ் மிட்ஜ்லியின் கையால் தொடங்கியது. இந்தியா அதை 2000இல் நிறுத்தியது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நிறுத்துவதற்கு முன் எந்தக் காரின் புகை எந்தக் குழந்தையைத் தொட்டது என்று யாரும் நிரூபிக்கச் சொல்லவில்லை. நிரூபிக்கவும் முடியாது. தவறு யாருடையது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு எல்லாருமாகப் பொறுப்பை ஏற்றதால்தான் அது முடிந்தது.

பேட்டரிக்கும் அப்படிப்பட்ட ஒரு சட்டம் நம்மிடம் இருக்கிறது. பழைய பேட்டரியைக் கடைகள் திரும்பப் பெற வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், சந்தைக்கு அனுப்பிய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் கடமையைத் தயாரிப்பாளர்மேல் வைத்தன. அதில் எனக்குப் பிடித்தது, யார் கெடுத்தார்கள் என்ற விசாரணையே அங்கே இல்லாதது. ஓட்டிக் கெடுத்தாலும் ஓட்டாமல் கெடுத்தாலும் பொறுப்பு பொறுப்புதான். மதுரையில் அந்தக் கடைக்காரர் தன் இயல்பால் செய்ததை விதி எழுத்தில் கேட்கிறது. அந்த விதிகளில் நமக்கும் ஒரு வரி இருக்கிறது: பழைய பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கண்ணியில்தான் சங்கிலி அறுகிறது. எக்சேஞ்சில் கிடைப்பதைவிட நூறோ இருநூறோ அதிகம் தருகிறார் என்று காயலான் கடையில் போடுகிறோம். அவரால் அதிகம் தர முடிவது, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, புகையைக் காற்றில் விட்டு, தன்னிடம் வேலை செய்யும் பையனின் மூச்சில் செலவை மிச்சப்படுத்தும் யாரோ ஒருவருக்கு அது போகும்போதுதான். அந்த நூறு ரூபாயை யாரோ ஒரு குழந்தை கட்டுகிறது.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. புதிய பேட்டரியின் எண்ணை வாரண்டி அட்டையில் எழுதி முத்திரை வைக்கும் கடைக்காரர், அதே அட்டையில் இன்னொரு வரியும் எழுத வேண்டும்: திரும்பப் பெற்ற பழைய பேட்டரியின் எண், அது போகும் மறுசுழற்சியாளரின் பதிவு எண். இதைக் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். கேட்கிறவர் பத்துப் பேர் வந்தால் கடை எழுதத் தொடங்கும்; பத்துக் கடை எழுதினால் நிறுவனம் அச்சடித்தே அனுப்பும். எனக்குக் கிடைக்க வேண்டிய மாதங்களுக்காக எவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேனோ அதே பிடிவாதத்தோடு அந்த இன்னொரு வரிக்காகவும் நிற்க வேண்டும். வாங்கியவனுக்கு வாரண்டி ஒருநாள் முடிந்துவிடும். ஈயத்துக்கு அது முடிவதில்லை. அதைக் கையால் தொட்ட நம் எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது.